வார்ப் 10-ஐத் தொட்ட கப்பல் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? ‘வாயேஜர்’ தொடரின் ‘த்ரெஷோல்ட்’ எபிசோட் பற்றி ஒரு விளக்கம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் பிளஸ் டூவும் கல்லூரியும் படிக்கும் பிள்ளைகள் பலர் இப்போது பழைய அறிவியல் புனைகதைத் தொடர்களை முதல் சீசனிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ பார்ப்பவர்கள் இரண்டாம் சீசனின் 15-ஆவது எபிசோடுக்கு வந்ததும் குழம்பிப்போகிறார்கள். 1996 ஜனவரி 29 அன்று அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பான ‘த்ரெஷோல்ட்’ அது. அந்தத் தொடரின் மிக மோசமான எபிசோட் எது என்று கேட்டால் ரசிகர்கள் பலர் சொல்லும் பெயரும் அதுதான்.

வழக்கமாக வரும் கேள்விகள் மூன்று. எல்லையற்ற வேகம் என்று ஒன்று உண்டா? மனிதன் எதிர்காலத்தில் பல்லி மாதிரி ஆகிவிடுவானா? இவ்வளவு மோசம் என்றால் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது எப்படிக் கிடைத்தது? மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் இந்த எபிசோட் ஏமாற்றியதற்கு முக்கியக் காரணம் இந்த மூன்றிலும் இல்லை என்பது என் கருத்து. அதற்குப் போகும் முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

கப்பல் எங்கே மாட்டிக்கொண்டது

வாயேஜர் தொடர் 1995 ஜனவரியில் தொடங்கி 2001 வரை 7 சீசன் ஓடியது. கதையின் அடித்தளம் எளிமையானது. கேப்டன் ஜேன்வேயின் கப்பலை ஒரு வேற்றுலக சக்தி இழுத்து, பூமியிலிருந்து சுமார் 70,000 ஒளியாண்டு தள்ளி எறிந்துவிடுகிறது. அதிகபட்ச வேகத்தில் போனாலும் ஊர் திரும்ப 75 ஆண்டு ஆகும். கப்பலில் இருப்பவர்கள் சுமார் 150 பேர். அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு பூமியைப் பார்க்கப்போவதில்லை.

இந்த 75 ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடரின் துக்கம், ஏக்கம், பரபரப்பு எல்லாம் இந்த ஓர் எண்ணிலிருந்துதான் வருகிறது. இந்த எண்ணைத் தொடும் எந்தக் கதையும் மிகக் கவனமாகத் தொட வேண்டும்.

வார்ப் என்பது என்ன

ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கி.மீ. போகிறது. திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் மூன்று நாளுக்கு மேல் ஓடிக் கடக்கிற சுமார் 4,200 கி.மீ. தூரத்தை ஒளி 0.014 நொடியில் முடித்துவிடும். அப்படிப்பட்ட ஒளிக்கே 70,000 ஒளியாண்டைக் கடக்க 70,000 ஆண்டு வேண்டும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, நிறையுள்ள எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது. வேகம் கூடக் கூட, இன்னும் கொஞ்சம் கூட்டுவதற்குத் தேவையான ஆற்றல் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

விண்வெளிக் கதை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சுவர். ஸ்டார் ட்ரெக் அதைத் தாண்டக் கண்டுபிடித்த வழிதான் வார்ப்: கப்பல் வெளியைக் கிழித்துக்கொண்டு ஓடுவதில்லை, கப்பலைச் சுற்றியுள்ள வெளியே வளைகிறது. முழுக்கக் கட்டுக்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1994-இல் மெக்சிகோ நாட்டு இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே, முன்னால் உள்ள வெளியைச் சுருக்கி, பின்னால் உள்ளதை விரித்து, நடுவில் ஒரு குமிழுக்குள் கப்பல் மிதக்கும் கணக்கு ஒன்றை வெளியிட்டார். சார்பியல் சமன்பாடுகளுக்குள் அது பொருந்துகிறது. ஆனால் அதற்கு எதிர்மறை ஆற்றல் பெருமளவில் வேண்டும். அதை உண்டாக்கும் வழி யாரிடமும் இல்லை.

1987-இல் தொடங்கிய அடுத்த தலைமுறை ஸ்டார் ட்ரெக் தொடருக்காக ஒரு புது வேக அளவுகோல் வகுத்தார்கள். வார்ப் 1 என்றால் ஒளியின் வேகம். வார்ப் 2 சுமார் 10 மடங்கு. வார்ப் 5 சுமார் 214 மடங்கு. வார்ப் 9 சுமார் 1,516 மடங்கு. ஒன்பதுக்கு மேல் கோடு செங்குத்தாக ஏறத் தொடங்கும், 9.9, 9.99 என்று ஒவ்வொரு தசமத்துக்கும் வேகம் எகிறும். வார்ப் 10 என்பது எல்லையற்ற வேகம், யாராலும் எட்ட முடியாதது. 1960-களின் பழைய தொடரில் வேறு அளவுகோல் இருந்தது. அங்கே கப்பல் வார்ப் 14-ஐக்கூடத் தாண்டியிருக்கிறது. எண் இஷ்டத்துக்கு ஏறிக்கொண்டே போகக்கூடாது என்பதற்காகத்தான் பிறகு பத்தில் பூட்டுப் போட்டார்கள்.

ஆக வார்ப் 10 என்பது ஒன்பதுக்கு அடுத்த கியர் கிடையாது. பத்தை எவ்வளவு நெருங்கினாலும் அங்கே போய்ச் சேர முடியாது, கணக்குப் புத்தகத்தில் வரும் தொலைத் தொடுகோடு மாதிரி.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொடரின் எண்களே ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 70,000 ஒளியாண்டை 75 ஆண்டில் கடந்தால் சராசரி வேகம் ஒளியைப் போல 933 மடங்குதான். அது வார்ப் 8-க்கும் கீழே. வாயேஜரின் உச்ச வேகமோ வார்ப் 9.975 என்கிறார்கள். வார்ப் 9-இல் நிற்காமல் ஓடினாலே 46 ஆண்டில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ரசிகர்கள் உண்டு, ஆனால் யாரும் தொடரை வெறுக்கவில்லை. எரிபொருள், பழுது, வழியில் சண்டை என்று மனதே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளும். கணக்குப் பிசகினால் பார்வையாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. ‘த்ரெஷோல்ட்’ செய்தது வேறு வகையான பிசகு.

கதைச் சுருக்கம்

விமானி டாம் பாரிஸ், பொறியாளர் டோரஸ், ஹாரி கிம் மூவரும் புதுவகை டைலித்தியப் படிகத்தைக் கொண்டு வார்ப் 10-ஐ எட்ட முயல்கிறார்கள். டைலித்தியம் என்பது இந்தக் கதை உலகில் கப்பலின் எஞ்சினைக் கட்டுக்குள் வைக்கும் படிகம். சோதனைக் கலத்தில் பாரிஸ் தனியாகப் போகிறார், வார்ப் 10-ஐத் தொடுகிறார், மறைந்து, திரும்பி வருகிறார். ஒரே கணத்தில் எல்லா இடத்திலும் இருந்ததாகச் சொல்கிறார்.

அப்புறம் உடல் மாறத் தொடங்குகிறது. டாக்டர் அதைப் பரிணாமம் என்கிறார். லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரு நாளுக்குள் நடக்கிறதாம். பாதி மாறிய பாரிஸ், கேப்டனைக் கடத்திக்கொண்டு மறுபடி வார்ப் 10-இல் பாய்கிறார். மூன்று நாள் கழித்து ஒரு சதுப்பு நிலக் கிரகத்தில் இருவரும் சாலமாண்டர் போன்ற இரண்டு பிராணிகளாகக் கிடைக்கிறார்கள். அவற்றுக்குக் குட்டிகளும் பிறந்திருக்கின்றன. குட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, பெரியவை இரண்டையும் கப்பலுக்குக் கொண்டுவந்து பழையபடி மனிதர்களாக்கிவிடுகிறார் டாக்டர். எபிசோட் முடிந்தது. அடுத்த வாரம் இதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

முதல் பாதியின் பலம்

இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஓர் இடத்தைப் பாருங்கள். சாதித்துவிட்டுத் திரும்பிய பாரிஸ் நண்பர்களோடு உணவுக்கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். சில நொடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். பரிசோதித்த டாக்டர், காப்பியில் இருந்த தண்ணீரே அவர் உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டது என்கிறார். பிறகு மூச்சுக்காற்றும் ஒவ்வாமல் போகிறது. சற்று முன் எல்லாரும் கொண்டாடிய மனிதனுக்குத் தண்ணீரும் காற்றும் பகையாகிவிட்டன. அந்தப் பகுதியில் நடிகர் ராபர்ட் டங்கன் மக்நீல் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவன் இனி எப்படி ஓர் இடத்தில் இருப்பான் என்ற கேள்வி அங்கே எழுகிறது. அந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டு போயிருந்தால் தொடரின் தலைசிறந்த எபிசோடுகளில் ஒன்றாகியிருக்கும்.

பரிணாமத்தில் நடந்த தவறு

வார்ப் கற்பனை என்பது பார்ப்பவருக்குத் தெரியும். பரிணாமமோ பாடப்புத்தகத்தில் இருப்பது. இதில் தவறு நடந்தால் பிள்ளைகள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1. தனி ஒரு ஆள் பரிணாமம் அடைவதில்லை. ஓர் இனக்கூட்டம்தான், தலைமுறை தலைமுறையாக மாறுகிறது. குளச்சல், முட்டம் பக்கம் வலைக் கண்ணின் அளவைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இது எளிதில் புரியும். வலை பெரிய மீனை மட்டும் பிடிக்கிறது, சிறியது கண் வழியே தப்பிக்கிறது என்று வையுங்கள். சிறிய உடலோடு சீக்கிரமே சினைக்கு வரும் மீன்கள்தான் அதிகம் முட்டையிட்டு மிஞ்சும். பல தலைமுறை கழித்து அந்த இனமே சிறுத்துப்போகும். எந்த ஒரு மீனும் தன் வாழ்நாளில் சுருங்கவில்லை. யார் மிஞ்சினார்கள் என்பதுதான் மாறியது. அட்லாண்டிக் கடலில் கனடா கரையோரத்துக் காட் மீன்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். 1992-இல் அங்கே மீன்பிடிப்புக்குத் தடை வருவதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அவை முன்னைவிடச் சிறிய வயதில், சிறிய உடலில் முதிர்ச்சியடையத் தொடங்கிவிட்டன. ஆக, பாரிஸுக்கு நடந்ததற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். பரிணாமம் என்ற பெயர் பொருந்தாது.

2. பரிணாமத்துக்கு முன்கூட்டியே போட்டுவைத்த பாதை கிடையாது. மனிதன் அடுத்து இதுவாகத்தான் ஆவான் என்ற திட்டம் டிஎன்ஏவுக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பது போலவும், வார்ப் 10 அதை வேகமாகப் பிரித்தது போலவும் எபிசோட் காட்டுகிறது. உண்மையில் சூழல்தான் தேர்ந்தெடுக்கிறது. நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கேரளத்தில் கோட்டயம் வட்டாரக் கிணறுகளில் இருந்து கிடைத்து, 1950-இல் அறிவியல் பெயர் பெற்ற ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாயி என்ற சின்னஞ்சிறு கெளுத்திக்குக் கண்ணே கிடையாது. நிலத்தடி நீரின் இருட்டில் கண்ணால் பயனில்லை, கண் போய்விட்டது. இதை முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ சொல்ல இடமில்லை. அந்த இருட்டுக்கு அது பொருத்தம், அவ்வளவுதான்.

3. வளர்ந்த உடம்பில் டிஎன்ஏ மாறினால் உறுப்புகள் புதிதாக முளைத்துவிடாது. பாரிஸுக்கு இரண்டாவது இதயம் வளர்கிறது. இதயம் கருவில் உருவாகும் உறுப்பு. முதிர்ந்த செல்களில் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் வெளியே தெரியாது, தெரிந்தால் நோயாகத்தான் தெரியும்.

எபிசோடை எழுதிய பிரானன் பிராகா, மனிதன் மேலே மேலே உயர்ந்துகொண்டே போவான் என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்க விரும்பியதாகப் பின்னாளில் சொன்னார். எண்ணம் சரியானது. மேலே சொன்ன கண்ணில்லாக் கெளுத்தி சொல்லும் பாடமும் அதுதான். ஆனால் பல தலைமுறை, சூழலின் தேர்வு எதுவும் இல்லாமல் சில நாளுக்குள் ஒருவனை நீர்நில வாழ்வியாக்கினால் அந்த எண்ணம் திரையில் எப்படித் தெரியும்? இந்த எபிசோட் மோசம் என்பதை அவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டுவிட்டார். இதே எழுத்தாளர் 1994-இல் முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடருக்காக எழுதிய ‘ஜெனிசிஸ்’ எபிசோடிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பரிணாமம் பின்னோக்கி ஓடி ஒருவர் சிலந்தியாகிறார். மனிதனின் மூதாதையர் வரிசையில் சிலந்தி எங்கும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். அந்தப் பிராணியைப் பல்லி என்று எல்லாரும் சொல்கிறார்கள். சாலமாண்டர் தவளையின் உறவு: ஈரத் தோல், செதில் கிடையாது. இந்தியாவில் அது கிழக்கு இமயமலைப் பகுதியில் மட்டும்தான் உண்டு. கீரிப்பாறைக் காட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நம் ஊர்க்காரர்களுக்கு அது பல்லியாகத் தெரிவதில் வியப்பில்லை.

உண்மையான ஓட்டை எங்கே

இப்போது என் முக்கிய வாதம். அறிவியல் தவறுகள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவோம். எபிசோட் சொல்வதை அப்படியே உண்மை என்று ஏற்றுக்கொள்வோம். அப்போது நம் கையில் இருப்பவை இவை.

1. வார்ப் 10 வேலை செய்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை செய்துகாட்டிவிட்டார்கள்.
2. போனவர் உருமாறுகிறார். ஆனால் டாக்டரால் முழுதாகக் குணப்படுத்த முடிகிறது. இருவரும் மறு எபிசோடில் வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.
3. டாக்டர் மனிதர் இல்லை. அவர் ஹோலோகிராம், அதாவது ஒளியால் ஆன உருவத்தில் தோன்றும் கணினி நிரல். அவருக்கு டிஎன்ஏவே கிடையாது. எந்த வேகத்தில் போனாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றையும் கூட்டினால் என்ன வருகிறது? இந்த எபிசோடைப் பார்த்த ஒரு மாணவன் பக்கத்தில் இருந்த நண்பனிடம் கேட்டதுதான் வருகிறது: “லே மக்கா, அப்போ எல்லாரும் அப்பிடியே ஊருக்குப் போயிட்டு, அங்க வச்சு டாக்டர் சரியாக்கிருக்கலாம்லா?”

ஆமாம், போயிருக்கலாம். 75 ஆண்டுப் பயணம் சில நாளில் முடிந்திருக்கும். ‘150 பேரின் உயிரைப் பணயம் வைக்க முடியாது, மருந்து எல்லாருக்கும் பலிக்கும் என்று உறுதியில்லை’ என்று கேப்டன் மறுத்திருக்கலாம். அது நல்ல வாதம். கோபமும் கண்ணீருமாக ஒரு முழுக்காட்சியே அதில் இருக்கிறது. ஆனால் எபிசோடில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவுமில்லை, யாரும் மறுக்கவுமில்லை.

சரி, மனிதர்கள் போக வேண்டாம். ஆளில்லாக் கலம் ஒன்றை அனுப்பலாமே? கலத்துக்கு டிஎன்ஏ கிடையாது. ‘நாங்கள் உயிரோடு இருக்கிறோம்’ என்று ஒரு செய்தியையும், 150 குடும்பங்களுக்குக் கடிதங்களையும் வைத்து அனுப்பினால் போதும். குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்கோ ஆழ்கடலுக்கோ ஆள் போகாத தெருவே கிடையாது. புயல் நேரத்தில் கடலுக்குப் போனவரைப் பற்றி ஒரு தகவல் வருமா என்று காத்திருப்பது இங்கே கரையோரக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 2017 ஒக்கி புயலின்போது ஊர் ஊராக அந்தக் காத்திருப்பு நடந்தது. ஒரு செய்திக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாயேஜர் குழுவுக்கும் அது தெரியும் என்றுதான் தொடர் வாரந்தோறும் சொல்லிவந்தது. வழி கையில் கிடைத்த வாரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அதே தொடரே பிறகு காட்டிவிட்டது. 1998 ஜனவரியில் வந்த ‘மெசேஜ் இன் எ பாட்டில்’ எபிசோடில், தூரத்துத் தொடர்பு நிலையங்கள் வழியாக டாக்டரின் நிரலையே அனுப்பி, கப்பல் பிழைத்திருக்கிறது என்ற தகவலை முதன்முதலாகப் பூமிப்பக்கம் சேர்க்கிறார்கள். மிக அருமையான எபிசோட். ஆனால் ‘த்ரெஷோல்ட்’ நடந்தது உண்மையென்றால், அந்த இரண்டு ஆண்டுத் தவிப்புக்குத் தேவையே இருந்திருக்காது. ஒரு மோசமான வாரம், பின்னால் வரப்போகும் நல்ல வாரத்தின் அடியில் குழி தோண்டிவிட்டது.

இன்னும் உண்டு. கப்பலில் இருக்கும் ஒற்றன் ஜோனஸ் வார்ப் 10 சோதனையின் தகவல்களை எதிரிகளான கேஸான்களுக்கு அனுப்புகிறான். பிரபஞ்சத்தின் எந்த மூலைக்கும் நொடியில் போகும் ரகசியம் எதிரி கைக்குப் போய்விட்டது! அதன் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் அந்தக் குட்டிகள். வேற்றுக் கிரகத்தின் வாழ்வில் தலையிடக் கூடாது என்பதை, இந்தக் கப்பலை அனுப்பிய விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட் தன் முதல் விதியாகவே வைத்திருக்கிறது. அப்படியிருக்க, அந்த நீர்நிலைக்குச் சொந்தமில்லாத உயிர்களை அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை ஒரு குளத்தை என்ன செய்யும் என்று நம் குளத்தங்கரைகளில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கப்பலின் அதிகாரிகள் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவை கேப்டனின் பிள்ளைகள் என்பதையும் ஒரு சின்ன வேடிக்கைப் பேச்சோடு முடித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் எம்மி எதற்கு

ஒப்பனைக்கு. 1996-இல் தொடர் வகையில் சிறந்த ஒப்பனைக்கான எம்மி விருது இந்த எபிசோடுக்குத்தான் கிடைத்தது. மைக்கேல் வெஸ்ட்மோர் தலைமையிலான குழு அதைச் செய்தது. முடி உதிர்ந்து, தோல் நிறம் மாறி, பாரிஸ் கட்டம் கட்டமாக உருமாறுவதைப் பார்த்தால் விருது தகுதியானது என்று புரியும். விருது ஒரு துறையின் வேலைக்குத் தரப்படுவது. கதைக்கு அதில் பங்கில்லை.

ஏன் இப்படி எழுத நேர்ந்தது

மோசமான எபிசோடுகள் எல்லாம் ஒரே காரணத்தால் வருவதில்லை. 1989 ஜூலையில் முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரின் இரண்டாம் சீசன் ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற எபிசோடோடு முடிந்தது. ஒருவர் நோயில் படுத்திருக்க, அவர் நினைவாகப் பழைய எபிசோடுகளின் துண்டுகளை ஒட்டிக் காட்டினார்கள். 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய சீசன், முன்னால் வந்த எபிசோடுகளில் செலவு கையை மீறியது என்று அதற்கு வெளிக் காரணங்கள் உண்டு. ‘த்ரெஷோல்ட்’ அப்படி இல்லை. நடிகர், ஒப்பனை, நல்ல தொடக்கம் எல்லாம் இருந்தன.

இங்கே உதைத்தது அன்றைய தொலைக்காட்சி வழக்கம். ஆண்டுக்கு 26 எபிசோட் வேண்டும். எந்த வாரம் புதிதாகப் பார்க்க வந்தவருக்கும் கதை புரிய வேண்டும். மறு ஒளிபரப்பில் எந்த வரிசையில் போட்டாலும் இடிக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு கதையும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து நிற்க வேண்டியிருந்தது. சின்னக் கதைகளுக்கு இந்த வழக்கம் சரிப்படும். தொடரின் அடித்தளமான 75 ஆண்டையே உடைக்கும் கதையை எடுத்துக்கொண்டு, 45 நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றால் சரிப்படாது.

இதைச் சரிசெய்யப் பெரிய மாற்றம் தேவைப்பட்டிருக்காது. மறுபடி மனிதனாக்கும் சிகிச்சை ஓர் உடம்புக்கு ஒருமுறைதான் தாங்கும், அதிலும் பிழைப்பது அரிது என்று டாக்டர் சொன்னால் மனிதர்கள் போகும் வழி அடைபடும். இரண்டாவது பாய்ச்சலில் அந்தப் புதுப் படிகம் முழுதாக எரிந்து, வேறு எங்கும் கிடைக்காமல் போனால் ஆளில்லாக் கலத்தின் வழியும், எதிரி கையில் உள்ள ரகசியத்தின் பயனும் அடைபடும். பாரிஸின் உடம்பில் ஏதாவது ஒரு சிறு மாற்றம், காப்பி ஒவ்வாமை ஒன்றாவது, சீசன் முடியும்வரை மிஞ்சியிருக்கலாம். மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிட வசனம்கூட ஆகாது.